நசுக்கிய தோட்டாக் கூடுகள்

ஹாலிஸ்,

எல்க் மான் வேட்டைக்கு வடக்குச் சரிவுக்குப் போகிறேன். பிக்கப் வண்டிச் சாவி என்னிடம். பீன்ஸும் கறியும் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

தோட்டா வாங்கிப்போக உன் தம்பி ராய்ஸ் மத்தியானம் பில்லிங்ஸிலிருந்து வருவான். கொடுக்க எதுவும் இல்லை. மறுபடி மருந்து நிரப்புவதற்காகச் சனிக்கிழமை நீ நெருப்பில் காட்டிய பழைய தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளையெல்லாம் குறடால் நசுக்கி வாளியில் போட்டுவிட்டேன். கத்தாதே, மேலே படி.

குண்டைப் பிடித்துக்கொள்ளும் கூட்டின் கழுத்து மட்டும்தான் சூட்டில் இளக வேண்டும். அடி இளகினால் சுடும்போது பிளந்து, சுடுகிறவன் முகத்தில்தான் அடிக்கும். விளக்கை அணைத்துவிட்டுச் செய், அப்போதுதான் சூடு ஏறும் நிறம் தெரியும் என்றேன். "எனக்கே பாடம் எடுக்கிறியா? போய் அடுப்படியப் பாரு" என்றாய். கடைசியில் எல்லாக் கூட்டிலும் சூடு பட்ட கருநீலம் அடிவரை இறங்கியிருந்தது. "எப்படி நிறம் ஏறியிருக்கு பாத்தியா!" என்று பெருமை வேறு.

அடுப்படியைத்தான் பார்த்தேன். நேற்று நீ சர்ச்சுக்குப் போனதும் திரைகளை இழுத்துவிட்டு, கேக் தட்டில் தண்ணீர் ஊற்றி, அடி சூடாகாதபடி என் கூடுகளை அதில் நிற்கவைத்து, கழுத்துக்கு மட்டும் சூடு காட்டினேன். அவைதான் இப்போது தோட்டாவாகி என் பையில் இருக்கின்றன.

ராய்ஸிடம் "எல்லாம் அவ கெடுத்தா" என்று சொல்லிக்கொள். வாளியையும் காட்டு. அவனுக்குக் கண் இருக்கிறது.

வெர்னா

உன் கட்டைவிரல் கொப்புளத்துக்குக் களிம்பு ஜன்னலோரம். கிள்ளாதே.

கேக் தட்டை நீ கழுவு.

தம்பிக்குக் கொடுக்குமுன் முதல் தோட்டாவை நீதான் சுட்டுப் பார்ப்பாய். அதனால்தான் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.