தவளையின் பக்கத்து சீட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ கட்டிய உன் தவளை வண்டியும் அப்படியே. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் முதலில் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, கடிதம் நீளம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கே பேசுவாய், மீதிப் பாதியில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், நான் சொல்ல வந்தது என் வாயிலேயே நிற்கும். இதில் யாரும் குறுக்கே வர முடியாது. உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது அவள் வந்தால் நம் வீட்டுத் திரைச்சீலையில் இருக்கும் கறை, என் சட்டையில் இருக்கும் கறை எல்லாம் அவளுக்குத் தெரிகிறது, ஆபரேஷனுக்கு முன்னால் நிம்மதியாக இருந்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ என்ன சொன்னாய், "இனி மூணு வருஷத்துக்கு நான் வரப்போறதில்லைப்பா, தவளையைப் பழைய வண்டிக் கடைக்காரர்கிட்ட கொடுத்துடுங்க, ஷெட் காலியாச்சுன்னா நீங்க உங்க மெஷினை அங்க போட்டுக்கலாம், எத்தனை நாள் ஹால்ல உக்காந்து தைப்பீங்க" என்று. உள்ளதைச் சொன்னால் எனக்கும் அது இனித்தது. ஹாலில் தைத்தால் சாப்பாட்டில் நூல் வருகிறது என்று உன் அம்மா தினமும் ஒரு பாட்டுப் பாடுகிறாள், விருந்தாளி வந்தால் துணியை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியிருக்கிறது. அதனால் நானே போய் அந்தக் கடைக்காரரிடம் பேசினேன், உனக்கு முக்கால்வாசி பாகங்களைக் கொடுத்த அதே மனிதர்தான். வண்டியாக வாங்க ஆள் கிடைக்காது, பிரித்துத்தான் விற்கணும், இன்ஜின் ஒருத்தருக்கு, சீட் ஒருத்தருக்கு, ஸ்பிரிங் ஒருத்தருக்கு என்று கோழியைப் பங்கு போடுகிற மாதிரி சொன்னார். திங்கட்கிழமை இழுவை வண்டியோடு வருவதாகப் பேச்சு. வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வருஷத்தோட கடைசிப் போட்டி இருக்கு, அவ ரெண்டு போட்டி ஜெயிச்சு முன்னால நிக்கிறா, அதை ஓட்டிட்டு அப்புறம் கொடுங்க" என்றாள். யார் ஓட்டுவது என்று கேட்டேன். என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள் பார், இருபது வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது என்று எனக்கே பட்டது.

உங்கள் கார் கிளப் செயலாளரான பல் டாக்டரிடம் அவளே பேசினாள். உங்கள் சின்ன வண்டிப் பிரிவில் ஒரு வீட்டு வண்டியை அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாமாம், தவளை முதல் ஐந்து இடத்துக்குள் வந்துவிட்டால் வருடக் கோப்பை உனக்கு, இல்லாவிட்டால் இரண்டாவதாக நிற்கிற பேக்கரிக்காரருக்கு. இதை உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடிக்கிடக்கிற தொழிற்சாலைக்குப் பின்னால், லாரிகள் நின்ற அந்த சிமென்ட் மைதானத்துக்குப் போனோம். போகும் வழியெல்லாம் தவளையின் சைலன்சர் போட்ட சத்தத்தில் நாங்கள் வருவது அடுத்த தெருவுக்கு முன்கூட்டியே தெரிந்தது. மைதானத்தில் ஆரஞ்சு கோன்களை வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள், எனக்கு அது ஒரு சின்னக் குழந்தை கிறுக்கிய கோடு மாதிரி இருந்தது. பேக்கரிக்காரர் வண்டி பளபளவென்று நின்றது, அதன் சக்கரத்தில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். நம் தவளை பச்சை உடம்பும் ஒரு சிவப்புக் கதவுமாக அதற்குப் பக்கத்தில் போய் நின்றபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நீ சொல்வாயே, காசு இருந்தா முதல்ல பிரேக்குக்கு, அடுத்தது டயருக்கு, அப்புறமும் மிச்சம் இருந்தா அழகுக்கு என்று. உனக்கு ஒருநாளும் மிச்சம் இருந்ததில்லை, அதனால்தான் அந்தக் கதவு இன்னும் சிவப்பு. ஆனால் சோதனை செய்ய வந்த ஆள் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழவே இல்லை, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவார்கள், இங்கே வெட்டாமல் வேறு வண்டியின் ஸ்பிரிங்கைச் சரியாகத் தேடிப் போட்டிருக்கிறது, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கப் பின்னால் குறுக்கே போகிற தடிக்கம்பி கூடப் பழசுதான், ஆனால் ஒரு போல்ட்டாவது ஏனோதானோ என்று இல்லை, இதை எந்த ஒர்க்‌ஷாப்பில் செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார். என் மகள், எங்கள் ஷெட்டில் என்றேன்.

இப்போது உன் அம்மாவின் கூத்தைக் கேள். ஒவ்வொருவராகக் கோன்களுக்கு நடுவே ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் எது குறைந்த நேரமோ அது கணக்கு, கோனை இடித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி கூடும். முதல் ஓட்டத்துக்கு முன்னால் பஸ்ஸைச் சுற்றி வருவது போலவே தவளையைச் சுற்றி வந்தாள், டயரை உதைத்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், பின்னால் ஒரு வரிசை வண்டி காத்திருப்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கிளம்பினாள். ஒவ்வொரு கோனுக்கும் இண்டிகேட்டர் போட்டாள் மகளே. வலது பக்கம் வளைய வலது விளக்கு, இடது பக்கம் வளைய இடது விளக்கு, மைதானம் முழுக்கச் சிரிப்பு, மைக்கில் பேசிக்கொண்டிருந்த பையன் "எவ்ளோ பொறுப்பான டிரைவர் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கை அணைத்துவிட்டான். அதோடு ஒரு திருப்பத்தை அடியோடு விட்டுவிட்டாள், அந்த ஓட்டம் செல்லாது. இரண்டாவதில் இண்டிகேட்டரை மறந்து நல்ல வேகம் பிடித்தாள், நான் கூட எழுந்து நின்றுவிட்டேன். நடுவில் முன்னால் போன வண்டி தட்டிவிட்ட ஒரு கோன் பாதையில் உருண்டு கிடந்தது. மற்றவர்களாக இருந்தால் ஒதுங்கிப் போயிருப்பார்கள். இவள் பிரேக் போட்டு நிறுத்தினாள், கை பிரேக்கை இழுத்தாள், கதவைத் திறந்து இறங்கினாள், கோனை எடுத்துக் கோட்டின் மேல் ஒழுங்காக வைத்தாள், திரும்பப் போய் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஏதாவது கிடந்தால் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒதுக்கி ஓட்டக்கூடாது, இருபது வருடப் பழக்கம், கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

ஒரே ஒரு ஓட்டம் மிச்சம். கயிற்றுக்கு வெளியே அந்தக் கடைக்காரரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நாளைக்கு எடுத்துப்போகிற சரக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்திருப்பார் போல. உன் அம்மா நேராக என்னிடம் வந்து, "பஸ்ல பின்னாலேர்ந்து ஒரு ஆள் குரல் கொடுத்துட்டே வரும், இங்க தனியா உக்காந்தா எனக்குத் திசையே தெரியல, நீங்க ஏறுங்க, அடுத்த கோன் எந்தப் பக்கம்னு சொன்னா போதும்" என்றாள். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், வாடகைக் காரில் மார்க்கெட் வரைக்கும் போனாலே எனக்கு வயிற்றைப் புரட்டும், நான் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பக்கத்து சீட்டில் ஆள் உட்காரலாம் என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார், பேக்கரிக்காரர் தன் ஹெல்மெட்டையே கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார், நாங்கள் சரியாக ஓட்டாவிட்டால் கோப்பை அவருக்குத்தான், இருந்தும் மாட்டிவிட்டார், நல்ல மனிதர். உன் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் திணித்து, வந்தால் இதில் எடு என்றாள்.

பெண்ணே, அந்த சீட்டை நீ அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டது ஞாபகம் இருக்கிறதா. பக்கவாட்டு மெத்தை இன்னும் கெட்டியா வேணும்ப்பா, இன்னும் உள்ளே வரணும்ப்பா என்று நீ பக்கத்தில் நின்று உயிரை வாங்கினாய், உட்காருகிற சீட்டா ஆளைப் பிடித்து வைக்கிற சீட்டா என்று நான் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துப் பிரித்துத் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் அது எனக்குப் புரிந்தது. முதல் திருப்பத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன், கதவில் போய் மோதுவேன் என்று நினைத்தேன், மோதவில்லை, அந்த மெத்தை என்னை இடுப்போடு பிடித்துக்கொண்டது. தையல் என்னுடையது, அளவு உன்னுடையது. கண்ணைத் திறந்தேன். மற்ற வண்டிகள் எல்லாம் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடியதை நான் வெளியே நின்று பார்த்திருந்தேன், தவளை சாயவே இல்லை, உன் அம்மா ஸ்டீயரிங்கைத் திருப்ப நினைத்தால் போதும், அது திரும்பியது. வலது, இடது என்று நானும் கத்திக்கொண்டு வந்தேன், பாதியில் குரல் போய்விட்டது, கையை மட்டும் நீட்டினேன், வாயைத் திறந்து சொல்லுங்க என்று அவள் அதட்டினாள். கடைசி நேர்க்கோட்டில் நான் போ போ போ என்று கத்தியிருக்கிறேன், எனக்கு நினைவில்லை, மைதானத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். வண்டி நின்றதும் பார்த்தால் பிளாஸ்டிக் பை மடித்தது மடித்தபடி என் கையில் இருந்தது. வயிறு புரட்டவே இல்லை.

ஒரு கோனைக்கூடத் தொடவில்லை, ஆனால் ஆறாவது இடம்தான் வந்தது. ஒரு விநாடிகூட இல்லை, கண் சிமிட்டுகிற நேரத்தில் ஐந்தாவது இடம் போய்விட்டது. வருடக் கோப்பை பேக்கரிக்காரருக்கு, நமக்கு இரண்டாவது. உன் அம்மா அந்தக் கோனை எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் பார்த்த பார்வையில் பேக்கரிக்காரரிடம் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டேன். பரிசு கொடுக்கும்போது பல் டாக்டர், "வண்டியைக் கட்டினது மகள், ஓட்டினது மகளும் அம்மாவும், சீட் தைச்சது அப்பா" என்று மைக்கில் சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருடம் நீ கிரீஸ் கையோடு சாப்பிட வந்தால் திட்டினேனே ஒழிய, அந்தக் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டேன். உன்னிடம் பணம் இல்லை, பொறுமை இருந்தது, அதை வைத்தே ஒரு வண்டியைக் கட்டிவிட்டாய். இதை யாரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது, நேற்று சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரிடமும் சொன்னேன், அவர் காலர் அளவைக் கேட்கவே மறந்துவிட்டேன்.

கடைக்காரர் அங்கேயே வந்து, பிரிக்கத் தனக்கே மனசு வரவில்லை, ஆனாலும் பேசினது பேசினதுதான், நாளைக்கு வருகிறேன் என்றார். உன் அம்மா சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, "பேசினது யாரோ, அவர்கிட்டயே கேட்டுக்குங்க" என்று என்னைக் காட்டிவிட்டாள். அன்று முழுக்க வீட்டில் தோசைக்கல்லும் தட்டும்தான் பேசின. திங்கட்கிழமை இழுவை வண்டி வாசலில் வந்து நின்றபோது நான் ஷெட்டுக்குள் டேப்பை வைத்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தேன். வண்டியைக் கொடுப்பதாக இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன் கண்ணு. நீ எனக்காக விட்டுக்கொடுத்தாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் உன் வண்டியைப் பிரித்துப்போட்ட இடத்தில் உட்கார்ந்து எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது. கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, தன் இழுவை வண்டியின் சீட் கிழிந்திருக்கிறது என்று அதற்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார், ஷெட்டுக்கு வந்த முதல் வேலை அது.

ஆமாம், ஷெட்டுக்குத்தான். தவளையைச் சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்தினால் இந்தப் பக்கம் மெஷினுக்கும் ஸ்டூலுக்கும் இடம் இருக்கிறது, துணி வெட்ட பானெட் மேல் பலகை போட்டிருக்கிறேன், அடியில் கம்பளி விரித்துத்தான், பெயின்ட்டில் கீறல் விழாது, பயப்படாதே. உன் இரண்டாம் பரிசுக் கோப்பையில் துணியில் கோடு போடும் என் சாக்கட்டிகள் இருக்கின்றன. இந்தக் கடிதத்தையும் அந்தப் பலகையின் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, யாருடைய வண்டியிலாவது ஏறினால் முதலில் டயரைப் பார்த்துவிட்டு ஏறு, இதை நான் உனக்குச் சொல்வது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. உன் அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள், மறக்காமல் பதில் எழுது, பின் டயரில் காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்தால் கடைசி வளைவில் நன்றாகத் திரும்புமா, அடுத்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்றாம், என்னைக் கேட்கவில்லை. நீ நீண்ட ஆயுளோடும் குறையாத கைத்திறமையோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசி.

சுவரோடு ஒட்டி நிறுத்தியதில் ஒரே ஒரு சங்கடம், பக்கத்து சீட்டுக் கதவைத் திறக்க முடியவில்லை. பரவாயில்லை, ஓட்டுகிற பக்கமாக ஏறி, கியரைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்காரப் பழகிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா