முங்கு கப்பலுக்கு வைத்த பிடியரிசி

மைனி,

முற்றத்துக் கொடியில் ஒரு கறுத்த கம்பளிக் கோட்டு காய்கிறது. எத்தனை தடவை அலசினாலும் அதிலிருந்து இயந்திர எண்ணெய் வாடை போகிற வழியாக இல்லை. வீட்டுச் சவுக்காரம் தீர்ந்ததுதான் மிச்சம். வெயில் ஏற ஏற வாடை அடுக்களை வரைக்கும் வருகிறது. தூக்கி எறி என்கிறார் அப்பா. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது யாருடைய கோட்டு என்று உங்களிடம்தான் முதலில் ஓடிவந்து சொல்லியிருப்பேன். அண்ணன் வந்துவிட்டான், மைனி. உங்கள் வீட்டுக்காரர் முழு ஆளாகச் சேரன்மகாதேவி ஸ்டேஷனில் வந்து இறங்கிவிட்டார்.

கேட்க நீங்கள் இல்லை. எனக்கோ சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தச்சநல்லூரிலிருந்து நீங்கள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நானும் உங்களை என்ன பாடு படுத்தினேன்! உங்கள் மீன்குழம்பைக் கேலி செய்வேன், நடையைக் கேலி செய்வேன். நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். அண்ணன் கப்பலில் பட்லர். கப்பலை நடத்துகிற துரைக்குச் சாப்பாடு வைப்பதும் துணிமணி பார்ப்பதும் அவன் வேலை. சண்டை நடக்கிற கடலுக்குப் போகாதே என்று அப்பா அவனைத் தடுத்தபோதுகூட நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்களைப் பேச வைத்தது தூத்துக்குடிக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸிலிருந்து வந்த ஆள்தான். அண்ணனுடைய கப்பலை மத்தியதரைக் கடலில் ஜெர்மன்காரனுடைய நீர்மூழ்கிக் கப்பல் அடித்துவிட்டது என்றார். படகில் ஏறியவர்கள் கரை சேர்ந்துவிட்டார்களாம். அவர்களில் அண்ணன் இல்லையாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா பள்ளிக்கூடத்துக்கு மட்டுமா ஹெட்மாஸ்டர், வீட்டுக்கும் அவர்தானே? ஞாயிற்றுக்கிழமை ஞாபகார்த்த ஆராதனை என்று அன்றே தீர்மானம் செய்துவிட்டார். நம் சபையில் ஓர் ஆண்பிள்ளைக்குத் துக்க மணி அடித்தால், அது ஓய்வதற்குள் அவன் பெண்சாதியின் தாலி இறங்கியாக வேண்டும். உங்களுக்கு வெள்ளைச் சேலை எடுக்கக்கூட ஆள் போய்விட்டது.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து வெளியே வந்தீர்கள். "மாமா, அவுக செத்ததக் கண்ணால பாத்தவன் ஒருத்தன் எம்முன்னால வந்து சொல்லட்டும். அதுக்குப் பொறவு நானே கழத்தித் தாறேன். ஊரு சொல்லிக் கழத்த மாட்டேன்" என்றீர்கள். சத்தம்கூட உயரவில்லை. அப்பாவுக்கு எதிரே நின்று ஒருவர் மாட்டேன் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பார்த்தவன் வரவில்லை, நாம்தான் அவனைத் தேடித் தூத்துக்குடிக்குப் போனோம். நான் ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். நீங்கள் முறுக்கு வாங்கி என் கையில் திணித்தீர்கள். துறைமுகத்தில் விசாரித்து விசாரித்து, அதே கப்பலில் கரி அள்ளிப் போட்ட மனிதர் ஒருவரைக் கண்டுபிடித்தோம். பாவம், கடல் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"அந்த முங்கு கப்பல் எங்க முன்னால கறுப்பா எந்திரிச்சி வந்திச்சி, தங்கச்சி. ஒரு குண்டு போட்டான். எறங்கி ஓடுங்கன்னு சைகை காட்டுனான். நாங்க படகுல ஏறிட்டோம். எங்க கப்பல் தொரைய மட்டும் கைதியா அவன் கப்பலுக்குக் கூப்புட்டான். ஒங்க வீட்டுக்காரரு தொரையோட பையத் தூக்கிட்டுக் கூடவே போனாரு. அவரையும் உள்ள எறக்கி மூடியப் போட்டுட்டானுவ."

"அப்போ அவுக தண்ணில விழலைல்லா?" என்று கேட்டீர்கள்.

"விழல. ஆனா அதுக்குள்ள போனவன் கதி என்னன்னு ஆருக்குத் தெரியும்?"

திரும்பி வந்து இதைச் சொன்னபோது அப்பாவும் அதையேதான் கேட்டார். "நம்ம ராசா கப்பலுக எல்லாம் அதத் தேடித் தேடி அடிக்குதுல்லாம்மா. அது என்னைக்கும் முங்கத்தான செய்யும்?" நீங்கள், "அப்போ அது அடிபடாம கரை சேரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டீர்கள்.

நம் சபைப் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துக் கோவில் கலயத்தில் போட்டுவைப்பது வழக்கம். நீங்கள் அன்றைக்கு இரண்டாவது கலயம் ஒன்று வைத்தீர்கள். மாதக் கடைசியில் இரண்டையும் கொண்டுபோய் உபதேசியார் முன்னால் இறக்கி, "இது கடல்ல ஒரு கப்பல் பத்திரமாக் கரை சேரதுக்கு" என்று சொன்னீர்கள். எந்தக் கப்பல் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. ராஜாவுடைய கப்பலுக்காக ஒரு சகோதரி பிடியரிசி வைத்திருக்கிறாள் என்று சபையில் மனமுருகி அறிவித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அப்பாவின் குரல்தான் உரக்கக் கேட்டது. அடுத்த மாதம் வீட்டுக்கு வீடு இரண்டாவது கலயம் வந்துவிட்டது. ஊரே சேர்ந்து ஜெர்மன்காரனுடைய நீர்மூழ்கிக்கு அரிசி பிடித்து வைத்த அதிசயம் நம் ஊரைத் தவிர வேறெங்கே நடக்கும்?

மேலத்தெரு அக்காவுக்குத்தான் அந்தக் கப்பலின் பெயர் தெரிய வேண்டியிருந்தது. அவள் மகன் பாஸ்ராவுக்குப் போகும் கப்பலில் இருந்தான். இந்தக் கப்பலும் அதுவும் ஒன்றோ என்ற ஆசை. கோவில் வாசலில் கேட்டாள். உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "பேரு தெரியாதுக்கா. அவுக இருக்க முங்கு கப்பலுதான்" என்றீர்கள்.

அவ்வளவுதான். தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து குருவானவர் வந்தார். அப்பா அவர் முன்னாலேயே உங்களைக் கூப்பிட்டார். "ராசாவுக்கு விரோதம்னு எவனாவது எழுதிப் போட்டா பள்ளிக்கூடத்தயே மூடிருவானம்மா. சபைக்கு முன்னால தப்புன்னு சொல்லிரு. தாலியையும் கழத்திரு. இல்லன்னா தச்சநல்லூருக்குப் போயிரு" என்றார். நான் உங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன். என்னால் முடிந்தது அதுதான்.

நீங்கள் குருவானவரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "அது செயிக்கணும்னு நான் கேக்கல, ஐயரே. அது முங்குனா அவுகளும் முங்குவாக. அதான் கரை சேரணும்னு கேக்கேன்."

"எம்மவன் கப்பல அது முக்குனா? அப்போ என்ன செய்வ?" என்று கத்தினாள் மேலத்தெரு அக்கா.

உங்கள் கண் நிறைந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே சேத்துக் கேக்கேங்கா. ஒருத்தரையும் முக்காம, தானும் முங்காம அது கரை சேரணும்" என்றீர்கள். குருவானவர், ஒரு பெண் தன் புருஷனுக்காக ஜெபிப்பதைத் தடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி எழுந்துவிட்டார். அப்பாவும் பிறகு தச்சநல்லூர்ப் பேச்சை எடுக்கவில்லை. மற்ற வீடுகளில் இரண்டாவது கலயம் நின்றுபோயிற்று. மேலத்தெரு அக்கா மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை.

சண்டை முடியப்போகிற சமயத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. தெருவுக்குத் தெரு ஆட்கள் விழுந்தார்கள். ஜனங்கள் பயந்துவிடக் கூடாதென்று துக்க மணி அடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள். உங்களைக் கொண்டுபோக அதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. தாலியைக் கழற்றட்டுமா என்று யாரோ கேட்டதற்கு, "அத ஒருத்தரும் தொடப்படாது" என்று அதட்டியது அப்பாதான். சுமங்கலியாகத்தான் போனீர்கள், மைனி. நீங்கள் நின்ற நிலைதான் கடைசியில் நின்றது.

இனி அண்ணன் சொன்னது. நீங்கள் கேட்க வேண்டியது இது.

அந்தக் கப்பலுக்குள் பகல் எது ராத்திரி எது என்று தெரியாதாம். ஒருவன் எழுந்த கட்டிலில் சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் படுப்பானாம். அண்ணனுக்கு இந்தக் கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டு உருளைக்கிழங்கு சீவ உட்கார்த்திவிட்டார்கள். நம் ராஜாவின் கப்பல்கள் மேலேயிருந்து குண்டு போட்டபோது விளக்கு அணைந்து, பக்கத்தில் இருந்த ஜெர்மன் பையன் அண்ணனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். "அன்னைக்கு ஞாயித்துக்கெழமையாண்ணே?" என்று கேட்டேன், நாம் கோவிலில் ஜெபித்த நேரமோ என்ற ஆசையில். "அதுக்குள்ள எவனுக்குட்டி கெழம தெரியும்?" என்றான்.

திரும்புகிற வழியில் இன்னொரு கப்பலை அடித்தார்கள். இந்தத் தடவை எச்சரிக்கை இல்லை. அடித்த கப்பல் எதுவென்று தெரிந்துகொள்வதற்காக, மிதந்துகொண்டிருந்த ஒருவரை உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவர் பேச்சு புரியாமல் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் பேசியது தமிழ். ஏரல்காரர். தெருவையும் பெண்சாதி பெயரையும் சொல்லிவிட்டு அண்ணன் மடியிலேயே உயிரை விட்டிருக்கிறார். கம்பளியில் சுற்றிக் கடலில் இறக்கினார்களாம். அப்புறம் அந்த நீர்மூழ்கி ஆஸ்திரியாக்காரனுடைய துறைமுகத்தில் பத்திரமாய்க் கரை சேர்ந்தது. அண்ணனை அங்கிருந்து ரயிலேற்றி, ஜெர்மன் தேசத்தில் கைதிகளோடு அடைத்துவிட்டார்கள்.

நாம் கேட்டதில் பாதிதான் கிடைத்திருக்கிறது, மைனி. பிடியரிசிக் கதையைச் சொன்னதும் அண்ணன் எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டான்.

ஏரல்காரரின் பெண்சாதி இன்னும் தாலியைக் கழற்றாமல் காத்திருக்கிறாள், ஊரார் பைத்தியம் என்கிறார்கள் என்று தூத்துக்குடியில் கப்பலைவிட்டு இறங்கியபோதே கேள்விப்பட்டிருக்கிறான். கேட்டும் அங்கே போகாமல் வந்திருக்கிறான். "நம்பிக்கையோட இருந்துட்டுப் போறா. நான் எப்படிட்டி போய்ச் சொல்லுவேன்?" என்றான். எனக்கு வந்த கோபத்தில், "மைனி இருந்தா இந்நேரம் ஏரல்ல இருப்பாக. கெளம்புண்ணே" என்றேன்.

நாங்கள் போனபோது அவள் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யார், எங்கிருந்து வருகிறோம் என்பதை நான்தான் சொன்னேன். மீதியை அண்ணன் பையச் சொன்னான். அவள் அப்படியே நெல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கூடவே இருந்தீகளா, அண்ணாச்சி?"

"இருந்தேன், தாயி."

"தண்ணி கேட்டாகளா?"

"கேட்டாரு. குடுத்தேன். குடிச்சாரு."

அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்த பெண்கள் அவள் கழுத்துக்குக் கை கொண்டுபோனார்கள். "தொடாதீக!" என்று எழுந்தாள். "கடேசித் தண்ணி குடுத்த கையி. சாப்புடாமப் போகப்படாது" என்று எங்களை உள்ளே அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். அண்ணன் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். அதற்குப் பிறகுதான், தானே கழற்றினாள்.

வண்டியில் ஊருக்குத் திரும்பினோம். வந்த நாளிலிருந்து அவன் உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. கல்லறைக்குப் போனான், வந்தான், அவ்வளவுதான். வயல்வெளி தாண்டி வண்டி ஆற்றோரமாகத் திரும்பியபோது மெதுவாகக் கேட்டான்.

"அவளுக்குத் தண்ணி குடுத்தியாட்டி?"

"குடுத்தேண்ணே."

"குடிச்சாளா?"

உங்கள் கடைசி நேரத்தைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதானே, மைனி. காய்ச்சல் கண்ட காலையிலிருந்து தொடங்கி, கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. எனக்குச் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது.