நடுப்பெட்டிக்காரர்கள்

ஜூன் 2, திங்கள்

இன்றும் பந்த். மூன்று வாரத்தில் இது இரண்டாவது. ஆட்டோ இல்லாமல், எங்கள் வீடு இருக்கும் ஸ்கெலட்டன் பகுதியிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்தே போய் பெங்களூர் ரயிலைப் பிடித்தேன். தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு ஊரில் பாதிப் பேருக்கு வேலை பெங்களூரில்தான். பந்துக்கு அழைத்தது வேறு யாருமில்லை, என் தம்பி கிறிஸ்டோ. நந்திதுர்க் மைதானத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக்கூடாது என்கிறான். போன பந்த் மனோகருடையது. மைதானம் முழுக்கத் தொழிற்கூடம் கட்டி உள்ளூரிலேயே வேலை கொடு என்பது அவர் கட்சி. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே ஃபுட்பால் டீம். இப்போது எதிரே பார்த்தாலும் பேசுவதில்லை.

எனக்கு இருவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. இதை வெளியே சொன்னால் இரண்டு பக்கமும் திட்டு விழும்.

ஜூன் 4, புதன்

ரயிலில் என் பக்கத்து சீட் இந்து. மனோகரின் மனைவி. பங்காருபேட்டை தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள், "அக்கா, நீங்க எந்தப் பக்கம்?"

"ரெண்டும் இல்ல."

கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, நானும்தான்க்கா! வூட்ல சொல்ல முடில."

பெட்டியில் மற்றவர்களையும் கேட்டோம். பாதி மைதானம், பாதி தொழிற்கூடம் – இதைத்தான் பதினோரு பேர் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமலே! கே.ஆர்.புரம் வருவதற்குள் வாட்ஸ்அப் குரூப் ரெடி. நாங்கள் எப்போதும் ஏறுவது நடுப்பெட்டி. அதுவே பெயராகிவிட்டது.

ஜூன் 5

அறுபத்து மூன்று பேர். ஒரே விதி: ரோஜாப்பூ குட்மார்னிங் கூடாது.

ஜூன் 9, திங்கள்

சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் ஆஷ்லி ஆன்லைனில் ஒரு ஃபாரம் போட்டுக் கொடுத்தான். ஒரே கேள்வி, மூன்று பதில், தமிழ் கன்னடம் தெலுங்கு மூன்றிலும். கன்னட வாக்கியத்தைத் திருத்துவதற்குள் இரண்டு ஸ்டேஷன் போய்விட்டது.

ஜூன் 15, ஞாயிறு

நானூறு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். பத்திரிகைகள், டிவி சேனல்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பினோம். ஒரே ஒருவர் திருப்பிக் கேட்டார்: கல்வீச்சு ஏதாவது நடந்ததா? இல்லை என்றேன். அவ்வளவுதான்.

மத்தியானம் கிறிஸ்டோ வந்தான். கையில் ஃபோன், திரையில் எங்கள் ஃபாரம்.

"சொந்தத் தம்பிக்கு எதிரா ஃபாரம் போடறியா? பயந்தவங்கதான்க்கா நடுவுல நிப்பாங்க!"

சாப்பிடாமல் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை கறியை விட்டுவிட்டுப் போகிற ஆளா அவன்?

நான் பயந்தவளா? யோசித்துப் பார்க்கிறேன். பயம் இருக்கத்தான் செய்கிறது – தம்பி பேசாமல் போய்விடுவானோ என்று. அதற்காக நான் நினைப்பது தப்பாகிவிடுமா?

ஜூன் 18

இந்து வீட்டிலும் அதே கதை. மனோகர் அவளோடு பேசுவதில்லையாம். "எதிர்ல உக்காந்துனு மெசேஜ் அனுப்பறாருக்கா. 'உப்பு கம்மி'ன்னு."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் அவளே ஒரு யோசனை சொன்னாள். இருவரையும் மைதானத்தில் உட்கார வைத்து ஃபோனில் லைவ் போடுவது. ஆனால் தன் கட்சியைப் பேசக்கூடாது. எதிராளி கேட்பதன் நியாயத்தைச் சொல்ல வேண்டும், "ஆமா, அதான்" என்று அவன் ஒப்புக்கொள்ளும்வரை.

மனோகர் சம்மதித்துவிட்டார் என்று நான் கிறிஸ்டோவிடம் சொன்னேன். கிறிஸ்டோ சம்மதித்துவிட்டான் என்று அவள் மனோகரிடம் சொன்னாள். கர்த்தர் மன்னிப்பாராக.

ஜூன் 22, ஞாயிறு

நடந்தது! இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டாண்டில் இந்துவின் ஃபோன்.

முதலில் மனோகர். "கிரவுண்டு வேணுங்கறாங்க. சும்மா சென்டிமென்ட்டு."

"தப்பு," என்றான் கிறிஸ்டோ.

மறுபடி சொன்னார். தப்பு. மறுபடி. தப்பு. நான்காவது முறை இந்துவே அதட்டினாள்: "இன்னாங்க, ஒழுங்கா சொல்லுங்க!" சுற்றி நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மனோகர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத வுட்டா புள்ளைங்க ஓடறதுக்கு சுரங்கத்துல கொட்டி வெச்ச சயனைடு மண்மேடுதான் கீது. அந்தத் தூசியில எம் பொண்ணும்தான் ஓடணும்."

"ஆமா. அதான்," என்றான் கிறிஸ்டோ, மெதுவாக.

அடுத்து அவன் முறை. ஒரே தடவையில் சொல்லிவிட்டான். "எங்கக்கா இருட்டுல கெளம்பி இருட்டுல வருது. அது புள்ள வளர்றத ஞாயித்துக்கெழமைதான் பாக்குது. இங்கயே வேலை இருந்தா தெனமும் பாக்கும்."

எத்தனை மேடையில் கத்தியிருக்கிறான். இதை ஒரு நாளும் சொன்னதில்லையே. தெரிந்துதான் வைத்திருக்கிறானா படுபாவி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவும் லைவில் போய்விட்டது.

ஜூன் 24

ஊர் முழுக்க அந்த "தப்பு, தப்பு" வீடியோதான். பெங்களூரிலிருந்து ஒரு சேனல் கூப்பிட்டது!

ஜூன் 26, வியாழன்

நிருபர் பெண் வந்தாள். கன்னடத்தில் கெஞ்சினாள், இரண்டு பேரும் எதிரெதிரே நின்று கொஞ்சம் சத்தமாகப் பேச முடியுமா என்று. முயன்றார்கள். சிரிப்புதான் வந்தது. செய்தியில் நாற்பது நொடி காட்டினார்கள், கீழே சிவப்பு எழுத்தில் "தங்கவயலில் பரபரப்பு". எங்கே பரபரப்பு? ஆனால் ஃபாரத்துக்கு இரண்டாயிரம் பதில் தாண்டிவிட்டது. பாதி-பாதி என்றுதான் பெரும்பாலானவர்கள்.

ஜூலை 8, செவ்வாய்

லீவு போட்டேன். நகராட்சியில் கூட்டம். அதிகாரி மேஜையில் எங்கள் ஃபாரத்தின் பிரிண்ட்அவுட். டிவியைப் பார்த்துப் பத்திரிகையில் போட்ட செய்தியும் பக்கத்திலேயே. கிழக்குப் பக்கம் தொழிற்கூடம், மேற்கே மைதானம், முதலில் அளக்கலாம் என்றார்.

கிறிஸ்டோவும் மனோகரும் சரி என்றார்கள். சொன்ன ஒரு மணி நேரத்தில் துரோகி என்று கிறிஸ்டோவை அவன் குரூப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அவன் ஆரம்பித்த குரூப்!

சாயங்காலம் ஃபோன். "அக்கா… ஒங்க குரூப்புல என்னச் சேப்பியா?"

சேர்த்தேன்.

ஜூலை 19, சனி

காலையில் அளக்க வந்தார்கள். சர்வேயருடைய உதவியாள் வரவில்லை. டேப்பின் ஒரு முனையைக் கிறிஸ்டோ வாங்கிக்கொண்டான், மறுமுனையை மனோகர். முளை அடிக்கிற இடத்தில் ஒரு அடிக்குத் தகராறு.

"மச்சான், இன்னும் கொஞ்சம் அந்தாண்ட போ," என்றான் கிறிஸ்டோ.

"போவ மாட்டேன். நீ இஸ்து புடி மொதல்ல."

சர்வேயர் குடைக்கு அடியில் காத்துக்கொண்டிருந்தார். நானும் இந்துவும் டீ கொண்டு போனோம். இருவரும் டேப்பை விடாமல், மற்றக் கையால் வாங்கிக் குடித்தார்கள்.