அலமாரிக் கதவின் உள்பக்கம்

அன்பு மகள் உருண்டைக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன். இருபத்தொரு வயதுக்காரியை இன்னும் உருண்டை என்று கூப்பிடாதே என்று நீ சொன்னது மறக்கவில்லை, கடிதத்தில் மட்டும் விட்டுக்கொடு. இது மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம். பயிற்சிக்குப் போயிருந்த மூன்று நாளும் ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டாய், சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொல்ல வாய் வராது, அதனால் எழுத உட்கார்ந்தேன், இதற்கே நாலு தாள் கிழித்தாயிற்று.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. அலுவலகத்தில் வரைபடம் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால் அவருடைய பேனாக்களும் அளவுகோல்களும் வீட்டுக்கு வந்து ஒரு பெட்டி நிறைய உட்கார்ந்திருக்கின்றன, தொடவும் விடமாட்டேன் என்கிறார். என் வேலை எப்போதும் போலத்தான், ஈரத்தாளில் நூறு விதை பரப்புவது, ஏழாம் நாள் எத்தனை முளைத்தது என்று எண்ணி எழுதுவது. உனக்கு அனுப்பிய குளிர்கோட்டு அளவாக இருக்கிறது என்று சொன்னாய், ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டதை நான் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் நினைத்தேன். பிறகு, அளவு கேட்காமல் தைக்கக் கொடுத்தவள் நான்தானே என்று விட்டுவிட்டேன். காது வலி திரும்ப வந்ததா, தலையைக் காயவைக்காமல் வெளியே போகாதே.

விஷயத்துக்கு வருகிறேன். விதைச் சோதனைக் கூடத்தில் புது இயந்திரம் வாங்குகிறார்கள், அதைப் பழக என்னை அனுப்பினார்கள், அனுப்பிய ஊர் நாம் முன்பு இருந்த ஊர். தங்குமிடம் என்று அலுவலகத்தில் கொடுத்த சீட்டில் ‘பாரம்பரிய இல்லம், படுக்கையும் காலை உணவும்’ என்று போட்டு, கீழே தெருவும் வீட்டு எண்ணும் இருந்தன. படித்ததுமே தெரிந்துவிட்டது. நாம் எட்டு வருஷம் பின்கட்டில் குடியிருந்த அதே வீடு. வேறு இடம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம், எழுத்தர் நல்ல மனிதர், மாற்றியிருப்பார். நான் கையெழுத்துப் போட்டுச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாததை உனக்கு எப்படி எழுதுவது.

சுவரில் ஒரு ஆணி அடித்தால் மூன்று நாள் கத்துவாரே அந்த வீட்டுக்காரர், அவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். இப்போது வைத்திருக்கிற அம்மாள் முன்பு வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர், வாசலில் செருப்பை எங்கே விடவேண்டும் என்பதைக்கூட செய்தி வாசிப்பது போலத்தான் சொல்கிறார், நான் மனதுக்குள் ரேடியோ அம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். வீடு அடையாளமே தெரியவில்லை. நாம் சைக்கிள் நிறுத்திய நடையில் ஒரு பழைய நாற்காலி போட்டுக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறார்கள், அதில் யாரும் உட்காரக் கூடாதாம். துணி சுற்றி ஒழுக்கை அடைத்து வைத்திருந்தோமே அந்தக் குழாய், அதன் இடத்தில் பளபளவென்று பித்தளைக் குழாய். எனக்குக் கொடுத்த அறை நம் அறைதான், ஒரே அறையில் நாலு பேர் படுத்தோமே அதுதான், இப்போது அதற்கு ‘சீமாட்டி அறை’ என்று பெயர். கட்டிலுக்குப் பக்கத்தில் தரை ஓடு ஒன்று விரிசலாக இருக்கும், நினைவிருக்கிறதா, அப்பா இஸ்திரிப் பெட்டியைக் காலுக்கு மேல் போட்டுக்கொள்ளாமல் தப்பிக்கத் தரையில் போட்டு உடைத்தது. அது குதிரைக் குளம்பு பட்ட தடம் என்றார் ரேடியோ அம்மா. படுக்கையறைக்குள் குதிரை எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பிறகு அவர் சுவர் அலமாரியைத் திறந்தார். தரையிலிருந்தே தொடங்கும் உயரமான அலமாரி, அதன் கதவுதான். நாம் காலி செய்த அன்று அப்பா அந்தக் கதவின் உள்பக்கத்துக்கு வீட்டுக்காரர் வைத்திருந்த பழுப்புப் பெயிண்டை எடுத்து அடித்தார், குடிவந்தபோது எப்படி இருந்ததோ அப்படித்தான் ஒப்படைக்க வேண்டும் என்றார், அடித்து முடித்து பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு லாரியில் ஏறினார். இவர்கள் வீட்டைப் புதுப்பித்தபோது பெயிண்டைச் சுரண்டியிருக்கிறார்கள். கத்திமுனையால் கீறிய கோடுகள் எல்லாம் அப்படியே வந்துவிட்டன. இடது பக்கம் வட்டம் போட்ட வரிசை உன்னுடையது. வலது பக்கம் இரண்டு காது போட்ட வரிசை உன் தங்கையுடையது, நாம் பூனை என்று கூப்பிட்டவளுடையது. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அப்பாவின் வரைபட எழுத்தில் அங்குலம், தேதி இல்லை, பெயர் இல்லை. பெயிண்டுக்கு அடியில் கிடைத்ததாலும் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்ததாலும் அவர்கள் அதைப் பழசு என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு அட்டை தொங்குகிறது, ‘இம்மாளிகையைக் கட்டிய குடும்பத்துக் குழந்தைகளின் உயரக் குறிகள், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முந்தையவை’ என்று.

நான் அழவில்லை. பெட்டியை எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். பூனை போய்ப் பத்து வருஷம் ஆகிறது, அந்த மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போய் அப்படியே இருக்கிறது, ஊசி போட்ட பல் மாதிரி, தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. துணிகளை அந்த அலமாரியிலேயே மாட்டினேன், வேறு இடம் இல்லை.

மறுநாள் காலை உணவுக்கு எல்லா விருந்தாளிகளும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். எத்தனை மணிக்கு, முட்டை எவ்வளவு வேக வேண்டும் என்று முதல் நாளே சீட்டில் எழுதிக் கதவுப் பிடியில் மாட்டிவிட வேண்டும். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று எதிரே உட்கார்ந்திருந்தது. ரேடியோ அம்மா என் அனுமதி கேட்டு அவர்களை அறைக்குக் கூட்டிவந்து கதவைக் காட்டினார். அந்தப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, “ரெண்டு வரிசையும் மேல ஒரே மாதிரி சட்டுன்னு நின்னுடுச்சே, அப்பனுக்குக் கத்தி தொலைஞ்சு போச்சா” என்றான். அவன் மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அதற்கு ரேடியோ அம்மா ஒரு கதை வைத்திருந்தார். கடைசிக் கோடு இரண்டும் ஒரே கையழுத்தம், ஒரே நாளில் கீறியது என்று தச்சர் சொன்னாராம், அதனால், “ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே நாள்ல தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பாங்க, பாவம், மீதி உயரம் எல்லாம் அங்க போய் வளர்ந்திருக்குங்க” என்றார். இதைத் தினமும் யாருக்காவது சொல்கிறாராம்.

அவர்கள் போன பிறகு நான் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன், பயிற்சிக்கு அரை மணி தாமதமாகத்தான் போனேன். பூனையின் கடைசிக் கோடு நாற்பத்து மூன்றரை. அது அங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். உன்னுடையது ஐம்பத்து நாலே கால், அதுவும் அங்கேயே நிற்கிறது. அதற்குப் பிறகு நாம் அந்த வீட்டில் ஒன்றரை வருஷம் இருந்தோம், உருண்டை. மாதா மாதம் முதல் ஞாயிறு அப்பா மூலைமட்டத்தைத் தலையில் வைத்துப் பார்ப்பார், பூனை குதிகாலைத் தூக்குவாள், நீ அப்பாவிடம் கோள் சொல்லுவாய். அவள் போன பிறகு வந்த முதல் ஞாயிறு நீ மட்டும் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முதுகைக் கொடுத்து நின்றாய். நான் பார்த்தேன். “நகரு, துணி எடுக்கணும்” என்று சொன்னேன். நீ நகர்ந்தாய். நான் ஏதோ ஒரு துணியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். எடுக்க வேண்டிய துணி எதுவும் இருக்கவில்லை. உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் சொல்கிற கதையில் பொய் பாதிதான். ஒரே நாளில் இரண்டு பேரையும் அனுப்பியது நிஜம். ஒருத்தி போனாள். மற்றவள் அதே வீட்டில், எங்கள் கண்ணெதிரே, யாரும் பார்க்காமல் வளர்ந்தாள்.

கடைசி நாள் ரேடியோ அம்மா சொன்னார், அடுத்த மாதக் கடைசியில் அந்தக் கதவைக் கழற்றிக் கண்ணாடி போட்டு முன்கூடத்தில் மாட்டப் போகிறார்களாம். அது எங்கள் பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம் என்று வாசல் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். சொன்னால் பத்து வருஷத்துக் கீறலை யார் வைத்துக்கொள்வார்கள், மறுபடி பழுப்புப் பெயிண்டுதான். சொல்லாவிட்டால் யாருடைய பிள்ளைகளாகவோ பத்திரமாக இருப்பார்கள். விருந்தாளிப் புத்தகத்தில் ஏதாவது எழுதச் சொன்னார். ‘அறை சௌகரியமாக இருந்தது, முட்டை பதமாக வெந்திருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அப்பாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், குழாயை மூடினார். “பூனையோட கடைசிக் கோடு நாப்பத்து மூணரைதானே” என்று கேட்டார், ஆமாம் என்றேன். “பெரியவளோடது?” என்றார், சொன்னேன். “இப்ப எவ்வளவு இருப்பா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சமையலறையில் நின்று நீ நிலைப்படியில் எதுவரை வருவாய் என்று கையை வைத்துக் காட்டினோம், ஒருவர் கைக்கும் மற்றவர் கைக்கும் ஒரு சாண் வித்தியாசம். அவர் போய்ப் பெட்டியைத் திறந்து மூலைமட்டத்தை எடுத்துத் துடைத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். ஒரு வாரமாக அங்கேயே இருக்கிறது, யாரும் எடுத்து வைக்கவில்லை, அதைச் சுற்றித்தான் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம்.

நீ வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. டிக்கெட், பரீட்சை, வேலை என்று நீ சொன்ன காரணம் எல்லாவற்றையும் சரி என்றேன், நானும் வற்புறுத்தவில்லை, வந்தால் என்ன பேசுவது என்ற பயம் எனக்கும் இருந்தது. இப்போது கேட்கிறேன். அடுத்த மாதக் கடைசிக்குள் நாலு நாள் லீவு கிடைத்தால் வா. அந்த அறைக்குச் சொல்லி வைக்கிறேன், மூன்று பேராகப் போவோம். ரேடியோ அம்மாவிடம் உண்மையைச் சொல்வதா, கதையை அப்படியே விடுவதா என்று நீ முடிவு செய், வட்டம் உன்னுடையது. வர முடியாவிட்டாலும் கோபமில்லை.

நல்லபடியாக இரு, யாருக்கும் குறையாமல் இரு, என் ஆயுளில் பாதியை உனக்கு எழுதிவைக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைச் சுவரோடு ஒட்டி, தலைமேல் தடிமனான புத்தகம் ஒன்றை நேராக வைத்து, தோழியை விட்டுக் கோடு போடச் சொல்லி அளந்து அனுப்பு. நீயே கையைத் தூக்கிப் போட்டால் அரை அங்குலம் ஏறிவிடும் என்கிறார் அப்பா. சென்டிமீட்டர் வேண்டாமாம், அங்குலத்தில் எழுது.

நகரச் சொன்ன
உன் அம்மா