வழியனுப்பிய கை

பம்பாய்
12-3-1978

அன்புள்ள சென்னம்மாளுக்கு,

உன் மாமன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடுதான் ஒத்துவரவில்லை, பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள்.

கம்பெனி பதிவாகிவிட்டது. நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் இனி மேனேஜிங் டைரக்டராம். கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், சிரிக்காதே. சவூதியில் ரோடு போடும் கம்பெனி ஒன்றுக்குப் பன்னிரண்டு டிரைவர்கள் வேண்டும். நம் பக்கத்துக்காரர்களைவிட யார் ஓட்டிவிடப் போகிறார்கள்?

இங்கே ஏஜெண்டுகள் ஆட்களைச் சந்தை மாடுபோல நிறுத்திப் பார்க்கிறார்கள். நாம் அப்படிச் செய்யக் கூடாது. புறப்படுகிற ஒவ்வொருவனும் மனைவியோடு அஸ்தம்பட்டி வீட்டுக்கு வரட்டும். அவனுக்கு நீ இலை போடு. அவளுக்குக் குங்குமம் கொடு. நம்மை நம்பித்தானே கடல் தாண்டுகிறான், நம் வீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளியங்கிரி


அஸ்தம்பட்டி, சேலம்
2-4-1978

அன்புள்ள மாமாவுக்கு,

கார்டைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தேன். பிறகு சாமி படத்தடியில் வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு பேரும் நேற்று வந்தார்கள். டெஸ்ட் நாளில் பாரம் ஏற்றிய லாரியைப் பின்பக்கமாகவே வளைத்து ஓட்டிக் காட்டியவர்கள், இலைக்கு முன்னால் உட்காரக் கூச்சப்பட்டு நின்றார்கள். அயோத்தியாப்பட்டணத்துச் செங்கோடன் என்று ஒருவர், இரண்டாம் முறை சோறு கொண்டுபோனதும் இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். அவர் மனைவி பாப்பாயி கதவோரம் நின்றிருந்தாள். "போடுங்கக்கா, நீங்க பாட்டுக்குப் போடுங்க! ஊட்டுல சட்டியத் தூக்கிப் பாக்கற மனுசனுங்க, இங்க வந்து வெக்கப்படறாரு" என்றாள். கூடமே சிரித்தது.

குங்குமம் எடுத்துக்கொள்ளும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. "எப்பங்கக்கா திரும்பி வருவாரு?" என்று கேட்டாள். இரண்டு வருஷம் என்றேன், நானே கூட்டிப்போய் நானே கூட்டிவரப்போவதுபோல. நமக்கென்று பிள்ளை இல்லாத வீட்டில் இத்தனை இலை விழுந்ததில் எனக்கு என்னவோபோல் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

மாதம் ஒரு தரமாவது வாருங்கள். அல்லது என்னை அங்கே அழைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு
சென்னம்மாள்


பம்பாய்
9-11-1981

அன்புள்ள சென்னம்மாளுக்கு,

இந்த மாதமும் வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. ஆபீஸில் டெலக்ஸ் வந்துவிட்டது. குவைத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் ஆள் கேட்கிறார்கள். போர் போடும் ரிக் வண்டிக்காரர்கள், வெல்டர்கள் எல்லாம் இப்போது நம் மூலம்தான் போகிறார்கள். உன் ஆட்கள் மட்டும் எப்படிப் பாதியில் ஓடிவராமல் நிற்கிறார்கள் என்று மற்ற ஏஜெண்டுகள் கேட்டார்கள். என் வீட்டுக்காரி போடுகிற சோறு என்றேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள்.

செங்கோடன் லீவு முடிந்து மறுபடியும் சவூதிக்கே போய்விட்டான். மெத்தை வீடு கட்டிவிட்டானாமே! அவன் பெயரைச் சொன்னாலே அந்தப் பக்கத்தில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

இங்கே வருகிறேன் என்று மறுபடி எழுதியிருந்தாய். நீ வந்துவிட்டால் அங்கே அவர்களுக்கு யார் இலை போடுவது?

வெள்ளியங்கிரி


பம்பாய்
24-7-1983

சென்னம்மாளுக்கு,

செங்கோடன் போய்விட்டான். பத்து நாளைக்கு முன் டயர் வெடித்து வண்டி உருண்டிருக்கிறது. அந்தக் கம்பெனிக்காரர்கள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, அதற்கப்புறம் எனக்கு டெலக்ஸ் அடிக்கிறார்கள். போன் போட்டுக் கத்தினேன். கத்தி என்ன செய்வது?

பாப்பாயியிடம் இப்போது சொல்ல வேண்டாம். ஆவணியில் நாற்பது பேர் அதே கம்பெனிக்குப் போகிறார்கள். சாவு என்று காதில் விழுந்தால் ஒருவனும் கிளம்பமாட்டான். பார்த்த வேலையை விட்டுவிட்டு நிற்கிறார்கள் சென்னம்மா, அவர்கள் வீட்டையும் நினைத்துப் பார். அவர்கள் ஏறிய மறுநாளே நான் நேரில் வந்து அவளிடம் சொல்கிறேன். இது சத்தியம்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதே. டெலக்ஸ் வந்ததிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை.

வெள்ளியங்கிரி


அஸ்தம்பட்டி
6-8-1983

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று ஆடி வெள்ளி. பாப்பாயி வந்திருந்தாள், தலை நிறையக் கனகாம்பரத்தோடு. "ஒரு மாசமாக் கடுதாசியக் காணோமுங்கக்கா. அண்ணன் ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்றாள். அங்கே தபால் தாமதம் என்றேன். "தபாலு என்னத்தத் தாமதம்! எழுதச் சோம்பேறிங்க. வரட்டும், காதைத் திருகறேன்" என்று சிரித்தாள்.

புறப்படும்போது எப்போதும்போல நின்றாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். தர முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. நீட்டினேன். எடுத்து நெற்றியில் வைத்தாள், தாலியில் வைத்தாள். "உங்க கை ராசியான கைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தபால் தாமதம் என்றது பொய். பொய்யைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். இதை எதைக்கொண்டு திருத்துவது? உடனே புறப்பட்டு வாருங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன்.

சென்னம்மாள்


பம்பாய்
14-8-1983

சென்னம்மாளுக்கு,

விசா வேலை முடியும்வரை நான் இங்கிருந்து நகர முடியாது. முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அவர்களுக்கு ரயில். எப்போதும்போல அன்று மத்தியானம் இலை போட்டு அனுப்பு.

நானும் யோசித்துப் பார்த்தேன். தெரியாதவரை அவள் நிம்மதியாகத்தானே இருக்கிறாள்? பூ வைத்துக்கொள்கிற நாள் இன்னும் கொஞ்சம் நீண்டால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? உனக்கு இதெல்லாம் படித்ததால் வரும் குழப்பம்.

வெள்ளியங்கிரி


அஸ்தம்பட்டி
1-9-1983

மாமாவுக்கு,

நம் சேலம் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற தீர்த்தகிரி அங்கிருந்து போன் செய்து உங்களிடம் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் சொல்ல வேண்டும்.

நேற்று மத்தியானம் ஆண்கள் பந்தியில் உட்கார்ந்தாகிவிட்டது. நான் குங்குமத் தட்டோடு பெண்கள் பக்கம் வந்தேன். பாப்பாயி நின்றிருந்தாள். நான் அழைக்கவில்லை. டிரைவர் செல்லமுத்துவின் மனைவி ராசாத்தி கூட்டி வந்திருந்தாள். "நீ முன்னால வா பாப்பாயி. உன்ற ஊட்டுக்காரரு மாதிரி எங்க ஊட்டுக்காரருங்களும் நல்லாப் போயி நல்லா வரோணும். நீ மொதல்ல எடு" என்று அவளை என் முன்னால் தள்ளினாள். "அட, தள்ளாதீங்க சாமி, நானென்ன புதுப்பொண்ணா" என்று சிரித்துக்கொண்டே பாப்பாயி கையை நீட்டினாள்.

தட்டைக் கீழே வைத்தேன். தனியாக அழைத்துப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னாலேயே சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "எப்பங்க?" என்றாள். ஆனி கடைசியில் என்றேன். "ஆடி வெள்ளிக்கு நான் வந்தனே" என்றாள். ராசாத்திதான் அவளைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனாள்.

கூடத்தில் பாதிச் சோற்றோடு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ரயிலுக்கு ஒருவரும் போகவில்லை. செல்லமுத்து மட்டும் திரும்பி வந்து, "பஸ் கம்பெனி வேலைய உட்டுப்போட்டு வந்தவனுங்க நானு. இனி எங்கீங்க போவேன்?" என்று கேட்டார். அந்த நாற்பது பேர் வீட்டைப்பற்றி நீங்கள் எழுதியது பொய்யில்லை.

சென்னம்மாள்


பம்பாய்
18-12-1984

அன்புள்ள சென்னம்மாளுக்கு,

எழுதி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சேலம் ஆபீஸை மூடியதும், அந்தக் கம்பெனி கைவிட்டதும், கோர்ட்டுக்கு அலைந்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் ஒருவழியாகத் தீர்ந்தது. உன்மேல் இருந்த கோபமும் தீர்ந்துவிட்டது.

இப்போது வேறு ஊர்களிலிருந்து ஆள் எடுக்கிறேன். புது ஆபீஸ் ஐந்தாம் மாடியில், ஜன்னலைத் திறந்தால் கடல். சமையல்காரனை வைத்துச் சோறு போட்டுப் பார்த்தேன். தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போகிறார்கள். உன் கையால் போட்டபோது அவர்கள் முகத்தில் இருந்தது இல்லை.

நீ இங்கே வந்துவிடு. வருகிறேன் வருகிறேன் என்று எத்தனை தரம் கேட்டிருப்பாய், நான்தான் தட்டிக் கழித்தேன். தனியாக இருக்க முடியவில்லை. இங்கே வருகிறவர்கள் யார், அவர்கள் பெண்டாட்டி யார் என்று உனக்குத் தெரிய வேண்டியதே இல்லை. உனக்கும் அது நல்லது.

வெள்ளியங்கிரி


பள்ளிபாளையம்
20-1-1985

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் அஸ்தம்பட்டி போய்த் திரும்பி இங்கே வந்தது. ஆறு மாதமாக இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுச் சாவி தீர்த்தகிரியிடம் இருக்கிறது.

தனியாக இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்த வரியைப் பலமுறை படித்தேன். மூன்று வருஷத்துக்கு முன் அதை எழுதியிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன்.

பொங்கல் கழிந்து பாப்பாயியைப் பார்க்கப் போனேன். என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே பேசினாள். "நாலு பேருக்கு முன்னால சொல்லிப்போட்டீங்கன்னு எனக்கு வருத்தமில்லீங்க. சொல்றதுக்கு முந்தி ஒருக்காக் கொடுத்தீங்களே, அதைத்தானுங்க என்னால முழுங்க முடியல" என்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தாள். சொம்பை என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். எடுத்துக் குடித்தேன்.

பம்பாயில் வருகிறவன் பெண்டாட்டி யார் என்று எனக்குத் தெரியாமல் போகலாம். அவளுக்கு அவன் யார் என்று தெரியும் அல்லவா? நான் வரவில்லை.

பாப்பாயியிடம் நேரில் வந்து சொல்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தீர்கள். நான் சொல்லிவிட்டதால் அது தீர்ந்துவிட்டதாக நினைத்துவிட்டீர்களோ என்னவோ. ஒரு தரம் அயோத்தியாப்பட்டணம் போங்கள். வாசலில் நிறுத்தினால் வாசலிலேயே நில்லுங்கள். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

அதற்கு முன்னால் எழுத வேண்டாம்.

சென்னம்மாள்