பன்றிகளிடம் ஒத்திகை

மார்ச் 4, திங்கள்

அரிசி, டின் மாட்டிறைச்சி, சோப்பு - கணக்கு நேர். மழைத்தொட்டி பாதி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வியாழன் விமானத்தில் பிஜியிலிருந்து சபை விருந்தினர் வருகிறார்கள். நம் துவாலு நாட்டைப் பற்றி அவர்களுக்கு ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவள் - நான்! போதகர் சொல்லிவிட்டார். "படிச்சவங்களுக்கு நிறுத்தத் தெரியாது, செலெபா. நீ அளந்து பேசுவே."

நாத்தனார் சூலியா டீச்சர். போன வருடம் அவள் பேசி முடிப்பதற்குள் விருந்தினரை விட்டுவிட்டு விமானம் போய்விட்டது. இப்போது என்னிடம், "அண்ணி, வாய் ஒட்டிக்கிட்டா கண்ணைக் காட்டுங்க. நான் வந்து முடிச்சுடறேன்" என்கிறாள். முடிப்பாளாம்!

ஒன்பது தீவு. பெயருக்குப் பொருள் மட்டும் ‘எட்டு சேர்ந்து நிற்பது’. ஒன்பதாவதில் அப்போது ஆள் குடியில்லை. இதுவரை எழுதியாயிற்று.

மார்ச் 5

அக்கம்பக்கத்தாருக்குப் படித்துக் காட்டியது தப்பு.

வைத்துப்பு தீவுக்காரி லோசா: "எங்க தீவுதான் பெரிசு. அதைப் போய்க் கடைசியில சொல்றியே, உனக்கு என்ன கொழுப்பு?"

நுகுலேலே தீவுக்காரி ஃபாசோ: "பெரிசா இருந்தா ஆச்சா? வேதம் முதல்ல கரையேறினது எங்க ஊர்ல. நீங்க அப்ப பேயைக் கும்பிட்டுட்டு இருந்தீங்க."

லோசா எழுந்து நின்றாள். என் புதுப் பாய் கிழிந்தது.

மார்ச் 6

இனி ஒத்திகை பன்றிகளிடம்தான். விமான ஓடுபாதை ஓரத்தில்தானே பட்டி. பன்றி குறுக்கே பேசாது. ஞாயிறு விருந்துக்கு வைத்திருக்கும் பெரியது கண்கொட்டாமல் கேட்டது.

மார்ச் 7, வியாழன்

காலையில் கடைசித் தடவை பட்டியில் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் -

விமானம் வருகிறதென்று என் வீட்டுக்காரர் பெனியேலி, தீயணைப்பு வண்டியில் ஏறிச் சங்கு ஊதினார். விமானம் இல்லாத நேரம் ஓடுபாதைதானே ஊருக்குத் திடல்; அங்கே வாலிபால் ஆடியவர்கள் வலையைச் சுருட்டினார்கள். படுத்திருந்தவர்கள் பாயோடு எழுந்தார்கள். விமானமும் தாழ வந்தது. அப்போது, நட்டநடுவில், என் பன்றிகள்!

பட்டிக் கதவைச் சாத்தினேனா? சாத்தலையே!

விமானம் விர்ரென்று மேலேறிச் சுற்றி வந்தது. குட்டிகள் ஓடிவிட்டன. பெரியதை இவர் வண்டியால் துரத்த, அது வண்டியைத் துரத்த, விமானம் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு பிஜிக்கே போய்விட்டது.

பூமாலைகளோடு நின்ற ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. ஐயோ, ஆண்டவரே.

"அழாதடி," என்றார் இவர். "ரெண்டு சுத்துல சன்னல் வழியா நாட்டையே பார்த்துட்டாங்க. இனி உன் பேச்சு எதுக்கு?"

"ஒரு தீவைத்தானே பார்த்தாங்க? மீதி எட்டு?"

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர், "சமையலும் ஆயிடுச்சு, பேச்சும் ஆயிடுச்சு. ரெண்டையும் வீணாக்கக் கூடாது. எழுந்திரு, செலெபா" என்றார்.

சொந்த நாட்டைப் பற்றிச் சொந்த ஊர்க்காரரிடமே! சூலியா பக்கம் திரும்பவே இல்லை. ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு தீவுக்கும் ஒருவர் எழுந்து திருத்தினார். அவரைத் திருத்த இன்னொருவர். மதியம் தாண்டிவிட்டது. ‘எட்டு சேர்ந்து நிற்பது’ என்று நான் முடித்தபோது, உண்மையிலேயே எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள் - சண்டைக்கு.

"அண்ணி, நான்கூட இவ்வளவு நேரம் பேசினதில்ல," என்றாள் சூலியா.

விருந்தில் பெரியது இருந்தது. என் பேச்சைக் குறுக்கிடாமல் முழுசாகக் கேட்டது அது ஒன்றுதான். எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

விருந்தினர் இன்று வருகிறார்கள். பேசப்போவது நான்தான். பட்டிக் கதவில் சூலியா காவல்.