ஆடாத படம்

அன்புள்ள வேலாமணிக்கு,

தொடையில தையல் பிரிச்சாச்சா? சோறு எறங்குதா? போன் நம்ம மனிஷா கையிலயே இருக்கறதாலதான் கடுதாசி எழுதறேன்.

பச்சைத் தேயிலைக்கு வெலை இல்லேன்னு திருப்பூருக்கு வந்த என்கிட்ட, பனியன் கம்பெனியில ஒருத்தன் வீடியோ காட்டுனான். காட்டெருமை ஒரு பொம்பளையக் கொம்புல குத்தித் தூக்கித் தேயிலைச் செடி மேல வீசுது. ரத்தம் தெறிக்குது. வாயப் பொளந்து பாத்தேன். ரெண்டாந்தடவை பாக்கறப்பத்தான் உன் பச்சை ஸ்வெட்டர் தெரிஞ்சுது.

எடுத்தது மனிஷாதான்னு உங்கண்ணன் சொன்னாரு. பத்து வயசுப் புள்ள, படம் துளிகூட ஆடலை. அவளை அடிச்சுறாத. உன் ஸ்வெட்டர் கிழிஞ்சிருக்கும், என்னோடதை எடுத்துப் போட்டுக்க.

ஷிப்டுக்கு மணி அடிச்சாச்சு. அந்த வீடியோவைச் சத்தத்தைக் கூட்டிவெச்சுத் திருப்பித் திருப்பிக் கேட்டேன், வேலாமணி. நீ கத்தறது கேக்குது. அவ ஒருதடவைகூட அம்மான்னு கூப்புடலை.

முத்துராஜ்